மேல்மாடியில் அணு ராக்கெட்: சுங்கை சிப்புட் சனிக்கிழமை வகுப்பைப் பற்றி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் கடைத்தெருவில் மளிகைக்கடைக்கு மேல்மாடியில் சனிக்கிழமை மாலைகளில் ஓர் அறிவியல் வகுப்பு நடக்கிறது. பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளாளுக்குப் பதில் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. இந்தத் தவணைக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றே ஒன்றுதான்: விண்கலங்களை அணுசக்தியால் செலுத்துவது. நான்கு வாரம், முழுக்கத் தமிழில், ஆளுக்கு 60 வெள்ளி (ரிங்கிட்). படிவம் நான்கில் படிக்கும் பேத்தியைச் சேர்த்துவிட்டு நானும் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். பெரியவர்களுக்கும் அதே கட்டணம்தான்.

கொடுத்த பணம் வீண் போகவில்லை. குறைகளும் உண்டு, சொல்கிறேன்.

நான் வேலைக்காலம் முழுவதும் செம்பனை ஆலையில் பாய்லர் பார்த்தவன். செம்பனைப் பழத்தின் நார்களையும் கொட்டை ஓடுகளையும் எரித்து, ஆவி எடுத்து, டர்பைனைச் சுற்றி, ஆலைக்கே மின்சாரம் கொடுத்த வேலை. அதனால் யார் என்ன இயந்திரத்தைப் பற்றிப் பேசினாலும் என் மனம் முதலில் மூன்று கேள்விகளைத்தான் கேட்கும். சூடு எங்கிருந்து வருகிறது? எங்கே போகிறது? ஓட்டிப் பார்த்தார்களா? இந்த வகுப்பையும் அப்படித்தான் அளந்தேன்.

முதல் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தது. வகுப்பு நடத்தும் தம்பி தோட்டத்தில் பிறந்து வளர்ந்து இயந்திரப் பொறியியல் படித்தவர். 1960-களில் அமெரிக்கர்கள் செய்த நெர்வா என்ற அணு ராக்கெட் எஞ்சினின் வெட்டுத்தோற்ற மாதிரி ஒன்றை முப்பரிமாண அச்சில் செய்து மேசைமேல் வைத்திருந்தார். அதைப் பிள்ளைகள் கையால் தொடலாம், பிரிக்கலாம். உள்ளே அறுகோண வடிவில் கிராஃபைட் கம்பிகள். ஒவ்வொன்றும் உண்மையில் 1.3 மீட்டர் நீளம், அதன் நீளவாக்கில் 19 சின்னத் துளைகள். யுரேனியம் அந்தக் கிராஃபைட்டுக்குள்ளேயே கலந்திருக்கும். ஹைட்ரஜன் வாயு அந்தத் துளைகள் வழியாகப் பாய்ந்து சூடேறி வெளியே போகும். சுற்றிலும் 12 உருளைகள். ஒவ்வொரு உருளையிலும் ஒரு பக்கம் போரான் தகடு, மறுபக்கம் பெரிலியம். போரான் பக்கம் உள்ளே திரும்பினால் அது நியூட்ரான்களை விழுங்கிவிடும், உலை அடங்கும். வெளியே திருப்பினால் பெரிலியம் நியூட்ரான்களை உள்ளே திருப்பி அனுப்பும், உலை ஏறும். என் பேத்தி ஓர் உருளையைத் திருப்ப, பல்சக்கரம் வழியாகப் பன்னிரண்டும் ஒன்றாகத் திரும்பின. போரானுக்குக் கறுப்பு வண்ணம் அடித்திருந்ததால் திருப்பத் திருப்ப உலையைச் சுற்றிக் கறுப்பு வளையம் தோன்றி மறைந்தது. கட்டுப்பாடு என்றால் என்ன என்று அதற்குமேல் வாயால் விளக்க வேண்டியதில்லை. அந்த மாதிரிக்காகவே வகுப்புக்குப் போகலாம்.

அடுத்து அவர் சொன்னது என்னையே நிமிர்ந்து உட்கார வைத்தது. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்கும் சாதாரண ராக்கெட்டில் அறைக்குள் வெப்பம் 3,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அணு எஞ்சினில் 2,000 டிகிரிக்குச் சற்று மேல்தான். அதற்கு மேல் போனால் எரிபொருள் கம்பியே தாங்காது. சூடு குறைந்த எஞ்சின்தான், ஆனால் வாயுவை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் தள்ளுகிறது. காரணம் சூட்டில் இல்லை, எதைச் சூடாக்குகிறோம் என்பதில் இருக்கிறது. எரிக்கும் ராக்கெட்டிலிருந்து வெளியே போவது பெரும்பாலும் நீராவி, கனமான மூலக்கூறு. அணு எஞ்சினில் எதுவும் எரிவதில்லை, ஆகவே ஆக்சிஜனே வேண்டாம். உலகத்திலேயே லேசான வாயுவான ஹைட்ரஜனை மட்டும் சூடாக்கித் தள்ளலாம். அமெரிக்க விண்வெளி ஓடத்தின் முதன்மை எஞ்சின் வாயுவைத் தள்ளிய வேகம் வினாடிக்கு சுமார் 4.4 கிலோமீட்டர். நெர்வா வகை எஞ்சினுக்கு 8 கிலோமீட்டர்.

இந்த வித்தியாசத்தால் என்ன லாபம் என்பதைப் பலகையில் ஒரு கணக்காகப் போட்டார். பூமியின் சுற்றுப்பாதையில் 100 டன் கலம் நிற்கிறது. செவ்வாய்க்குக் கிளம்ப அதன் வேகத்தை வினாடிக்கு 4 கிலோமீட்டர் கூட்ட வேண்டும். எரிக்கும் ராக்கெட் என்றால் கடைசியில் 40 டன் மிஞ்சும், அணு ராக்கெட் என்றால் 61 டன். அந்த 21 டன்னில் மனிதருக்கான உணவை ஏற்றலாம், கூடுதல் எரிபொருளை ஏற்றிப் பயண நாளைக் குறைக்கலாம். சரி, ஆனால் உலையின் எடையும் கதிர்வீச்சுத் தடுப்பின் எடையும் இதில் கழியும். திரவ ஹைட்ரஜனுக்குப் பெரிய தொட்டியும் வேண்டும். தண்ணீரின் அடர்த்தியில் பதினான்கில் ஒரு பங்குதான் அது. மைனஸ் 253 டிகிரியில் கொதித்துப் பறந்துபோகும் பொருளை மாதக்கணக்கில் தொட்டிக்குள் வைத்திருப்பதும் சுலபமில்லை. இதையும் அவர் மறைக்காமல் சொன்னார். பிள்ளைகளுக்கு ஆசை காட்டவேண்டும் என்பதற்காகப் பாதிக் கணக்கோடு நிறுத்தவில்லை.

இரண்டாம் வாரம் வரலாறு. நான்கில் சிறந்த வகுப்பு இதுதான்.

1955-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆய்வகத்தில், நெர்வாவுக்கு அடிப்படையான ரோவர் திட்டம் தொடங்கியது. நெவாடா பாலைவனத்தில் ஜாக்கஸ் பிளாட்ஸ் என்ற இடத்தில் எஞ்சினைத் தலைகீழாக நிறுத்தி, வாய் வானத்தைப் பார்க்க, ஓட்டிப் பார்த்தார்கள். 1962 நவம்பரில் கிவி என்ற சோதனை உலை வரிசையில் ஓர் உலையின் சக்தியை ஏற்றும்போது எரிபொருள் கம்பிகள் உடைந்து துண்டுதுண்டாக வெளியே பறந்தன. யுரேனியம்தான் காரணம் என்று உடனே முடிவு கட்டவில்லை. அணுவினை இல்லாத உலையில் வெறும் குளிர்ந்த வாயுவைச் செலுத்திப் பார்த்தார்கள். வாயு பாய்ந்த வேகத்தில் கம்பிகள் அதிர்வதே காரணம் என்று தெரிந்தது. அமைப்பை மாற்றினார்கள், 1964-க்குள் சரியாகிவிட்டது. 1967 டிசம்பரில் என்ஆர்எக்ஸ்-ஏ6 என்ற உலை ஒரு மணி நேரம் 1,100 மெகாவாட்டுக்கு மேல் ஓடியது. 1968-ல் ஃபீபஸ்-2ஏ என்ற உலை 4,000 மெகாவாட்டைத் தாண்டியது. 1969-ல் எக்ஸ்இ என்ற முழு எஞ்சினை 20-க்கும் மேற்பட்ட முறை நிறுத்தி நிறுத்திக் கிளப்பினார்கள். பறக்கவிடுவதற்கு இன்னும் ஒரு படிதான் பாக்கி. 1973 ஜனவரியில் திட்டத்தை மூடிவிட்டார்கள். நிலவுப் பயணங்கள் முடிந்துவிட்டன, செவ்வாய்க்குப் போகும் எண்ணத்துக்குக் காசில்லை.

இந்தக் கதையைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. ஆலையில் வேலை செய்தவர்களுக்கு இது புரியும். உடைந்ததைக் கண்டுபிடித்து, திருத்தி, மறுபடி ஓட்டி, அந்த இயந்திரத்தின் குணம் முழுவதும் கைக்குத் தெரிந்த ஆட்கள் இருக்கும்போது மூடினால், போவது இயந்திரம் மட்டுமில்லை. அந்தக் கைகளும் போய்விடும். வரைபடம் பெட்டியில் இருக்கும். எந்தச் சத்தம் வந்தால் நிறுத்த வேண்டும் என்பது பெட்டியில் இருக்காது.

நிறுத்துவது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அணு உலையை அணைத்தவுடன் அது அடங்குவதில்லை. பிளவில் உண்டான கழிவுகள் தொடர்ந்து சிதைவதால், அணைத்த கணத்தில் முழுச் சக்தியில் ஏறக்குறைய 6 சதவீதம் சூடு வந்துகொண்டே இருக்கும். 1,000 மெகாவாட் உலையில் அது 60 மெகாவாட். அதை ஆற்றுவதற்காகவே கொஞ்சம் கொஞ்சமாக ஹைட்ரஜனைச் செலவழிக்க வேண்டும். பலகையில் போட்ட 61 டன் கணக்கில் இது சேரவில்லை. இடைவேளையில் கேட்டேன்; அடுத்த வாரம் பிள்ளைகள் எல்லோருக்கும் அதை விளக்கினார். கேள்வியை மதிக்கும் வாத்தியார்.

மூன்றாம் வாரம்தான் எனக்கு மனக்குறை. அணுசக்தியை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். ஒன்று மேலே சொன்னதுபோல வாயுவை நேரே சூடாக்குவது. மற்றது உலையால் மின்சாரம் எடுத்து, அந்த மின்சாரத்தால் அயனிகளை, அதாவது மின்னூட்டம் ஏறிய அணுக்களை, தள்ளுவது. இரண்டாவதில் தள்ளும் வேகம் வினாடிக்கு 20, 30 கிலோமீட்டர் என்று எங்கோ போய்விடும். ஆனால் தள்ளும் விசை மிகக் குறைவு, மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தம்பி அயனிகள் நீல ஒளியோடு வெளியேறும் காணொளிக்கு நிறைய நேரம் கொடுத்தார். வீண் சூட்டை எப்படி வெளியேற்றுவது என்பதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். என்னைக் கேட்டால், இந்தத் துறையின் கழுத்தைப் பிடித்திருப்பதே அதுதான்.

எங்கள் ஆலையில் டர்பைனை விட்டு வெளியே வரும் ஆவி வீணாகாது. அதுதான் ஸ்டெரிலைசருக்குப் போய் செம்பனைக் குலைகளை வேக வைக்கும். விண்வெளியில் வேக வைக்கக் குலையில்லை, குளிர்விக்கத் தண்ணீரில்லை, காற்றுமில்லை. சூடு போகவேண்டும் என்றால் தகட்டிலிருந்து கதிராகத்தான் போகவேண்டும். கணக்கு எளிது. 1 மெகாவாட் மின்சாரம் வேண்டும், சூட்டை மின்சாரமாக மாற்றும் திறன் 25 சதவீதம் என்றால் 3 மெகாவாட் வீண் சூடு. 227 டிகிரி செல்சியஸில் இருக்கும் தகட்டின் ஒரு சதுர மீட்டர், இரண்டு பக்கமும் சேர்த்து அதிகபட்சம் 7 கிலோவாட் வெளியேற்றும். அப்படியென்றால் 400 சதுர மீட்டருக்கு மேல் தகடு வேண்டும். அதையும் மடித்து ராக்கெட்டில் ஏற்றி மேலே விரிக்க வேண்டும். நுண்கற்கள் துளைத்தாலும் உள்ளே ஓடும் திரவம் ஒழுகக் கூடாது. தகட்டை 527 டிகிரிக்கு ஏற்றினால் 65 சதுர மீட்டர் போதும், ஏனென்றால் கதிர்வீச்சு கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும். ஆனால் கழிவுச் சூடு அவ்வளவு உயரத்தில் இருந்தால் மின்சாரம் எடுக்கும் திறன் விழும். திறன் விழுந்தால் வீண் சூடு கூடும், மறுபடி தகடு பெருக்கும். இந்த இழுபறியை ஒரு மணி நேரம் எடுத்துப் பிள்ளைகளையே கணக்குப் போட வைத்திருக்கலாம். படிவம் நான்கு கணிதமே போதும். அடுத்த தவணையில் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

கையேடு தமிழில், 40 பக்கம், தெளிவான படங்கள். அதில் ஒரு பக்கத்தை உடனே மாற்ற வேண்டும். அமெரிக்காவின் டிராக்கோ திட்டம் 2027-ல் அணு எஞ்சினை விண்ணில் ஓட்டும் என்று அச்சாகியிருக்கிறது. 2023-ல் அப்படித்தான் அறிவித்தார்கள், லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்துக்கு வேலையும் கொடுத்தார்கள். 2025-ல் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டுவிட்டது. சாதாரண ராக்கெட்டுகள் ஏவும் செலவு இறங்கிக்கொண்டே வருவது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. வகுப்பில் தம்பி வாய்மொழியாக இதைத் திருத்திச் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுபோகும் கையேட்டில் பழைய செய்தி அப்படியே இருக்கிறது.

டிராக்கோவில் தரையில் உலையை முழுச் சக்தியில் ஓட்டிப் பார்க்காமல் நேரே சுற்றுப்பாதையில் ஓட்டுவதாக இருந்தார்கள். ஏன் என்பது புரிகிறது. 1960-களில் நெவாடாவில் கதிரியக்கம் கலந்த வாயுவைத் திறந்த வெளியில் விட்டதுபோல் இன்று விட முடியாது, விடவும் கூடாது. வெளிவரும் ஹைட்ரஜனைப் பிடித்து வடிகட்டும் சோதனை மேடை கட்ட வேண்டும், அதற்குப் பெரும் செலவாகும். ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. ஆலையில் அரசாங்கச் சோதனையாளர் வந்து கலனுக்குள் இறங்கிப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்காமல் பாய்லரை ஏற்ற முடியாது. மனிதர் ஏறப்போகும் கலத்தின் உலையைத் தரையில் பல முறை ஏற்றி இறக்கி, பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். ஜாக்கஸ் பிளாட்ஸில் கம்பிகள் உடைந்தது தரையில் என்பதால்தான் காரணத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது.

கடைசி வாரம் பாதுகாப்பு. பெற்றோர் பலர் அன்று வந்திருந்தார்கள், இது நல்ல ஏற்பாடு. ஓர் அம்மா எழுந்து, "தம்பி, புக்கிட் மேராவில நடந்ததைப் பார்த்தவங்க நாங்க. இதெல்லாம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கணுமா?" என்று கேட்டார். பேராக்காரர்களுக்கு அந்தப் பெயரே போதும். ஈப்போவுக்குப் பக்கத்தில் அரிய மண் ஆலையின் தோரியக் கழிவை எதிர்த்து ஊர்மக்கள் 1985-ல் வழக்குப் போட்டு வருடக்கணக்கில் போராடினார்கள். தம்பி அவர் பயத்தைத் தள்ளிவிடவில்லை. "நீங்க கேட்கிறது நியாயம்தான் அக்கா" என்று சொல்லிவிட்டு, 1978 ஜனவரியில் சோவியத்தின் காஸ்மோஸ் 954 என்ற உளவுக்கோள், உள்ளே ஓடிய அணு உலையோடு கனடாவின் வடக்கில் விழுந்ததை முதலில் சொன்னார். பனிவெளியில் கதிரியக்கத் துண்டுகளைத் தேடிப் பொறுக்கினார்கள். கனடா சோவியத்திடம் சுமார் 60 லட்சம் கனடா டாலர் நட்டஈடு கேட்டு 30 லட்சம் பெற்றது.

அப்புறம்தான் பாதுகாப்பான வழியை விளக்கினார். இதுவரை ஓடாத உலையில் இருக்கும் யுரேனியத்தின் கதிரியக்கம் மிகக் குறைவு. ஆபத்தானவை பிளவு நடந்த பிறகு உண்டாகும் கழிவுகள். ஆகவே உலையை அணைந்த நிலையிலேயே ஏவி, உயரமான சுற்றுப்பாதைக்குப் போன பிறகு மட்டும் ஓட்ட வேண்டும். 1965 ஏப்ரலில் அமெரிக்கா ஏவிய ஸ்னாப்-10ஏ என்ற உலை அப்படித்தான் ஓடியது. 500 வாட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் கொடுத்து, 43 நாளில் மின் கருவி ஒன்று பழுதாகி நின்றது. பூமிக்கு மேல் 1,300 கிலோமீட்டர் உயரத்தில் இன்றும் சுற்றுகிறது. அந்த அம்மா முழுச் சமாதானம் அடைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் மகனை வகுப்பிலிருந்து எடுக்கவுமில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பிறகு வந்தது. நம் நாட்டில் ஓர் அணு உலை இருப்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. சிலாங்கூர் மாநிலத்தின் பாங்கியில் 1982 முதல் ஓடும் 1 மெகாவாட் ஆய்வு உலை, டிரிகா வகை. அதன் எரிபொருள் யுரேனியமும் சிர்கோனியம் ஹைட்ரைடும் கலந்தது. சூடு ஏறினால் தானாகவே அணுவினை தணிந்துவிடும். ஸ்னாப்-10ஏ உலையின் எரிபொருளும் இதே வகைதான். அந்த டிரிகாவை 1956-ல் அமெரிக்காவின் ஜெனரல் அட்டாமிக் நிறுவனத்தில் யோசித்த குழுவில் இருந்தவர் இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன். அவரும் அணுகுண்டு வடிவமைப்பாளர் டெட் டெய்லரும் அடுத்து அதே ஜெனரல் அட்டாமிக் நிறுவனத்தில் 1958-ல் ஓரையன் திட்டத்தில் இறங்கினார்கள்: கலத்துக்குப் பின்னால் சிறு அணுகுண்டுகளை ஒவ்வொன்றாக வெடித்து அந்த உதையில் போவது. 1963-ன் அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது, அது நல்லதுதான். ஆனால் பாங்கியில் இருக்கும் உலைக்கும் கோள்களுக்குப் பறக்கக் கனவு கண்ட ஆட்களுக்கும் இப்படி ஓர் உறவு இருப்பது தெரிந்ததும் பிள்ளைகளின் முகம் மாறியதைப் பார்த்தேன். இது எங்கோ அமெரிக்காவில் நடக்கும் கதை என்ற எண்ணம் அந்த இடத்தில் போய்விட்டது.

மற்றபடி சின்னக் குறைகள். ப்ரொஜெக்டர் மங்கல், ஏழு மணிக்கு முன் படம் சரியாகத் தெரியாது. மழை வந்தால் கூரைச் சத்தத்தில் பின்வரிசைக்குக் கேட்காது. கட்டணத்தில் தேநீரும் பலகாரமும் அடக்கம் என்றார்கள். பலகாரம் நன்றாகவே இருந்தது. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் சிலரைச் சேர்த்திருந்தார்கள், அவர்களுக்கு இரண்டாம் வாரத்துக்குப் பிறகு பிடிபடவில்லை. படிவம் மூன்றுக்குக் கீழே அனுப்ப வேண்டாம்.

கடைசி நாளில் பேத்தி என்னைக் கேட்டாள்: "தாத்தா, நான் வேலைக்குப் போறப்போ இது ஓடுமா?" என் பதில் இதுதான். செவ்வாய்க்குப் பறக்கும் பெரிய எஞ்சின் முதலில் வரும் என்று நான் நம்பவில்லை. 1973-ல் நெர்வா, 2005-ல் நாசாவின் புரோமீதியஸ், 2025-ல் டிராக்கோ என்று பெரிதாகத் தொடங்கியதெல்லாம் பாதியில் நின்றதைப் பார்க்கிறோம். சின்ன உலைதான் முதலில் வரும். 2018 மார்ச்சில் நெவாடாவில் கிலோபவர் என்ற சிறு உலையைத் தரையிலேயே வைத்து 28 மணி நேரம் ஓட்டிக் காட்டினார்கள். பெரிய செலவில்லை, வெடியோசையில்லை, வேலை முடிந்தது. 2030-க்குள் நிலவில் 100 கிலோவாட் உலை வைக்க வேண்டும் என்று 2025-ல் நாசா இலக்கு வைத்திருக்கிறது. தேதி தள்ளிப்போகலாம். ஆனால் நிலவில் ஒன்று வருடக்கணக்கில் ஓடினால், அதை ஓட்டத் தெரிந்த கைகள் உருவாகும். அந்தக் கைகள்தான் பிறகு கலத்தில் ஏற்றும் உலையைச் செய்யும். வியாழனுக்கு அப்பால் சூரிய ஒளி பூமியில் விழுவதில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அங்கே பெரிய கலத்தை ஓட்ட அணுவைவிட்டால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஆகவே, ஓடும் என்றுதான் சொன்னேன்.

அடுத்த தவணை பள்ளி விடுமுறைக்குப் பிறகு தொடங்குகிறது. இருக்கைகள் முப்பதுக்குள்தான், கீழே மளிகைக்கடையிலேயே பெயர் கொடுக்கலாம். பெற்றோரும் கூட உட்காருங்கள், அதற்குத் தடையில்லை. கையேடு வாங்கினால் டிராக்கோ பக்கத்தைத் திருத்திவிட்டார்களா என்று பார்த்து வாங்குங்கள்.